சொந்தக்காரர் இல்லாத பாதை

எமிலியானுஸ் அண்ணை வட ஸ்பெயின் முழுவதையும் காரில் சுற்றி, தென் பிரான்சுக்குள் இறங்கி, லூர்து மாதாவைக் கும்பிட்டு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் சிரித்துவிட்டேன். மொன்றியலில் பதினெட்டு வருடம் இருந்த மனிதர். லாசாலில் இருந்த வீட்டுக்கும் ஜான்-டலோன் சந்தைக்கும் இடையில் தவிர, தனக்கென்று அவர் கார் ஓட்டி நான் கண்டதில்லை. மற்ற நேரமெல்லாம் அந்தக் கார் எங்களுக்காக ஓடியது. ஒருவருக்கு இமிகிரேசன், ஒருவருக்குப் பல்வைத்தியர், ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு. பெற்றோல் யார் அடித்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் என் பெரியம்மாவின் மகன். சந்தையில் ஓர் இத்தாலியனின் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை. 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி "பாப்பம்" என்பார். அவருடைய 'பாப்பம்' எங்கள் சொந்தத்துக்குள் அரசாங்க முத்திரை மாதிரி. அது விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் 1994இல் வந்து இறங்கியபோது அவருக்கும் அக்னெஸ் மச்சாளுக்கும் கலியாணம் முடிந்து நாலு வருடம். அந்த இரண்டறை வீட்டின் ஹோலில் ஏற்கனவே மூன்று மெத்தைகள் கிடந்தன. நான் நாலாவது. எனக்குப் பிறகு மச்சாளின் தமையன் கிறகரி, மனைவி பிள்ளைகளோடு வந்து இரண்டாவது அறையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இடம் கிடக்குதுதானே" என்று கிறகரி சொன்னார். மச்சாள் குசினியில் நின்று அதைக் கேட்டார். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் அதையே சொல்லப் பழகிக்கொண்டோம். வெட்கம் கெட்ட கூட்டம்.

நான் அப்படியில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இரண்டு வருடமும் நாலு மாதமும் ஹோலில் படுத்துவிட்டு, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்ததும் பார்க் எக்ஸ்ரென்சனில் தனி அறை எடுத்துப் போய்விட்டேன். என்னுடைய குளிர்காலச் சப்பாத்தும் தடித்த கோட்டும் மட்டும் அவர்களுடைய அலுமாரியில் கிடந்தன. வீட்டுத் திறப்பும் என் சாவிக் கோர்வையிலேயே கிடந்தது. ஞாயிறு பூசை முடிந்தால் சாப்பாடும் அங்கேதான். கிறகரியும் பிறகு லவாலில் வீடு வாங்கிப் போனார். போகும்போது தன் காரின் குளிர்கால ரயர் நாலையும் அவர்களுடைய பல்கனியில் அடுக்கிவிட்டுப் போனார். காலியான அறைக்கு அடுத்த மாதமே மருமகன் முறைப் பெடியன் ஒருவன் வந்தான். இப்படியே 2005 வந்தது.

அந்த வருடம் பனிக்காலம் முடிகிற நேரம் கடைசி ஆளும் வெளியேறினான். அதே கிழமை அண்ணை ஒரு பெரிய வரைபடம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து, மேலே பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டார். பில்பாவோவில் இறங்குவது, கடலோரமாகச் சந்தியாகோவுக்குப் போய் யாகப்பர் கோவிலைப் பார்ப்பது, உள்நாட்டுப் பாதையால் லெயோன், பூர்கோஸ், பம்ப்லோனா என்று திரும்பி, மலையைக் கடந்து லூர்து. எல்லாமாகப் பதினைந்து நாள். சதுரக் கோடு போட்ட கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை கிலோமீற்றர், எங்கே படுக்கை, எங்கே பெற்றோல் என்று எழுதினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூர்கோஸின் மேல் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துப் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன்.

இதைவிட வேடிக்கை அவருடைய விசாரணை. கோவில் வாசலிலோ சந்தையிலோ எங்கள் ஆள் ஒருவரைக் கண்டால் போதும், ஸ்பெயினில் உங்களுடைய ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்பார். அவர்கள், பாவம், தங்குவதற்கு இடம் தேடுகிறார் என்று நினைத்து, பாரிஸில் இருக்கிறார்கள், லண்டனில் இருக்கிறார்கள், ஸ்பெயினில்தான் ஒருவரும் இல்லை என்று கவலையோடு சொல்வார்கள். அண்ணையின் முகம் மலர்ந்துவிடும். சன் செபஸ்தியானில் எங்கள் பக்கத்துக் குருநகர்ப் பெடியன் ஒருவன் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறான் என்று யாரோ சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் இருந்த சன் செபஸ்தியானை றப்பரால் அழித்தார்.

மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு, அண்ணை குளித்துக்கொண்டிருந்தபோது மச்சாளிடமே நக்கலாகக் கேட்டேன். பாரிஸில் எத்தனை வீடு இருக்கிறது, சும்மா தங்கலாம், சும்மா சாப்பிடலாம், அதை விட்டுவிட்டு ஒருத்தரும் இல்லாத இடமாகப் பார்த்து ஏன் போகிறீர்கள் என்று.

"அதுக்காகத்தான் தம்பி" என்றார் மச்சாள். அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். "கலியாணம் கட்டிப் பதினைஞ்சு வருசம். நானும் உங்கட அண்ணையும் மட்டும் இருந்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதில்லை. அடுத்த ஆள் வர முந்தி, ஒரு பதினைஞ்சு நாள் கிடைச்சால் காணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னேன்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று பின்னேரமே கிறகரிக்குப் போன் எடுத்து, இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். கிறகரிக்குப் பகிடி விளங்காது. பயணம் என்ற சொல் மட்டும் விளங்கியது. மறுநாளே லாசாலுக்குப் போய், வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு திட்டத்தைத் திருத்தினார். இரண்டு பேருக்குக் கார் எடுப்பது காசை வீணாக்குவது, ஒன்பது பேர் போகும் வான் ஒன்று எடுத்தால் ஆளுக்கு அரைவாசிகூட வராது. அவர் குடும்பத்தில் ஐந்து, மாமியார் ஒன்று. பில்பாவோ வேண்டாம், பாரிஸில் இறங்கலாம். அங்கே அவருடைய மனைவியின் தங்கை மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள், சாமத்தியவீடு. அது முடிய நேரே லூர்து. ஸ்பெயினை நேரம் கிடைத்தால் எட்டிப் பார்க்கலாம். மூன்று லீற்றர் றைஸ் குக்கர் ஒன்றும் பட்டியலில் ஏறியது.

ஒன்பதாவது இடம் எனக்கு. வரைபடம் பார்த்து வழி சொல்ல வேண்டும் என்று முன் இருக்கையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னைத் தடுக்கவில்லை.

செய்தி கோவிலுக்கும் போனது. லூர்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இருபத்தொரு வெறும் போத்தல் அண்ணையின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. சில போத்தல்களில் பழைய தோடம்பழச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது, கழுவிக் கொடுக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அண்ணை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எல்லாவற்றுக்கும் "பாப்பம்" என்றார். கொப்பியை மட்டும் மேசையில் காணவில்லை.

செப்ரெம்பரில் மச்சாளே கிறகரிக்குப் போன் எடுத்தார். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை, தாங்கள் வரவில்லை, மற்றவர்கள் சந்தோசமாகப் போய் வரட்டும் என்றார். சந்தோசமாவது! வானுக்கு யார் பதிவது, யார் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓட்டுவது, மாமியாரின் மருந்தை யார் ஞாபகம் வைத்திருப்பது? ஒரு கிழமைக்குள் அந்தப் பெரும் பயணம் படுத்துவிட்டது. கிறகரி, அண்ணை கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு பின்னேரம். பாரிஸ் விமானத்துக்குப் பெல்ட்டில் வரும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு மண்ணிறப் பெட்டி, கைபிடியில் சிவப்புச் சீலைக்கரைத் துண்டு கட்டியிருந்தது. அது லாசால் வீட்டுப் பெட்டி. எங்கள் சொந்தத்தில் யார் கொழும்புக்குப் போனாலும் அதைத்தான் இரவல் வாங்குவோம். அடையாளத்துக்கென்று மச்சாள் தன் சீலையில் கிழித்துக் கட்டிய துண்டு அது. ஊரெல்லாம் போன பெட்டி, வீட்டுக்காரரோடு மட்டும் ஒரு பயணமும் போனதில்லை. நானே இரண்டு தரம் கொண்டுபோயிருக்கிறேன். முப்பத்திரண்டு கிலோவுக்குக் குறைந்து அதை நான் தூக்கியதில்லை.

வழக்கம்போல முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தேன். பெட்டி துள்ளி வந்து நெஞ்சில் மோத, பின்னால் விழப் பார்த்தேன். பன்னிரண்டு கிலோகூட இராது. விமானக் கம்பனி ஒட்டியிருந்த பயணத் துண்டைப் பார்த்தேன். பாரிஸில் மாறி, பில்பாவோ. கீழே அண்ணையின் உருண்டைக் கையெழுத்தில் லாசால் விலாசம். இந்த வேலையில் எட்டு வருடமாகிறது. எங்கள் ஆட்களின் பெட்டி ஒன்று இவ்வளவு இலேசாக என் கைக்கு வந்ததில்லை. அதற்குள் யாருக்கும் ஒன்றும் இல்லை. மிளகாய்த்தூள் இல்லை, சாமத்தியச் சீலை இல்லை, வெறும் போத்தலும் இல்லை. அவர்களுடைய உடுப்பு மட்டும். அந்த மனிதர் 'இல்லை' என்று சொன்னால் அது இப்படித்தான் இருக்கும். சொல்லாமல், எங்களிடமிருந்து கள்ளரைப்போல ஒளித்து ஓடும்படி அவர்களை வைத்திருக்கிறோம்.

தேநீர் இடைவேளையில் கிறகரி எனக்குப் போன் எடுத்தார். லாசாலில் போனை யாரும் எடுக்கவில்லையாம், வீடும் பூட்டிக் கிடக்கிறதாம். பனி கொட்டப்போகிறது, ரயர் மாற்ற வேண்டும்.

"அவை ரெண்டு பேரும் எங்கை போயிட்டினம் எண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாரிஸில் அவர்களுக்கு ஐந்து மணித்தியாலத் தரிப்பு. விடிய முன்னமே கிறகரியின் மைத்துனி இடியப்பப் பொதியோடு விமான நிலைய வாசலில் நிற்பாள், இரண்டு பேரையும் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பில்பாவோ அத்தோடு போய்விடும்.

"சரி விடு. உன்னட்டை அந்த வீட்டுத் திறப்பு இருக்குதெல்லே? தா, நான் போய் எடுக்கிறன். வெறும் வீடுதானே."

"இல்லை" என்றேன். காற்சட்டைப் பையில் அது என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

"எப்ப திருப்பிக் குடுத்தனி?"

"எப்பவோ குடுத்திட்டன்."

மறுநாள் காலை லாசாலுக்குப் போனேன். பதினொரு வருடமாக என் கோர்வையில் கிடந்த திறப்பைக் கழற்றி, கதவில் இருந்த தபால் துவாரத்தால் உள்ளே போட்டேன். வெறும் வீட்டுக்குள் அது விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது. படியிறங்கிப் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, என் குளிர்காலச் சப்பாத்து உள்ளே கிடக்கிறது. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மெல்லிய சப்பாத்தோடு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.