அக்காவின் மட்டையும் என் கோப்பும்

லண்டனில் இருந்த என் அக்கா ஐந்து நாள் விடுமுறைக்கு சுவிஸ் வந்து போக அவளுக்குத் தேவைப்பட்டவை ஒரு மடித்த மட்டையும், போய்வரும் ரயில் டிக்கெட்டும்தான். இதை அவள் டெலிபோனில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் நம்பவில்லை. எண்பதுகளின் நடுவில், சுவிஸ் தலைநகர் பேர்ணில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எவனும் நம்பியிருக்க மாட்டான் என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா எழுபதுகளின் தொடக்கத்தில் தாதிப் படிப்புக்காக இங்கிலாந்து போனவள். அங்கேயே ஆஸ்பத்திரி வேலை, அங்கேயே பிரஜாவுரிமை. நான் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவன். ஓர் உணவகத்தின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் பாஸ்போட்டை வெளிநாட்டவர் பொலிஸ் வாங்கி வைத்துக்கொண்டு ஓர் அட்டை தந்திருந்தது. நான் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் என் அகதிக் கேஸ் அத்தோடு முடிந்தது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்கு முந்திய வருடம் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்துப்போனா. அக்காவும் போகவில்லை, நானும் போகவில்லை. சண்டையால் அவளுக்குப் பாதை இல்லை, எனக்குப் பாஸ்போட் இல்லை. நாங்கள் இருவரும் நேரில் கண்டு பத்து வருடமாகியிருந்தது. அம்மாவுக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழக்கூட இல்லை. டெலிபோனில் அழுதால் காசு விழுகிற சத்தம்தான் கேட்கும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்த லீவு ஐந்து நாள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று இருவருக்கும் தெரியாது.

அந்த மட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குள் சின்ன விடுமுறை போகும் பிரித்தானியருக்கென்று அந்தக் காலத்தில் ஒரு வருடப் பாஸ்போட் ஒன்று இருந்தது. புத்தகம் இல்லை, மடித்தால் சட்டைப் பையில் அடங்கும் ஒரு மட்டை. படத்தையும் கடதாசிகளையும் கொண்டு போனால் தபால் கந்தோரிலேயே வாங்கலாமாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயணமென்றால் சுவிசுக்கு விசாவும் வேண்டாமாம். கேட்டால் காட்டத் திரும்பிப் போகும் டிக்கெட்டும் கையில் செலவுக்குக் காசும் இருந்தால் போதுமாம். தபால் கந்தோரில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அக்கா எனக்கு வாசித்தே காட்டினாள்.

எனக்குத் தலை சுற்றியது. எங்களூர்த் தபால் கந்தோரில் முத்திரை வாங்கவே அரை நாள் வேண்டும். அங்கே பாஸ்போட் விற்கிறார்கள் என்றால் யார் நம்புவது?

என்னோடு அறையில் இருந்தவர் மட்டக்களப்புக்காரர், ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான், என்றாலும் கடதாசி விஷயத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பதால் எல்லோரும் அவரைக் கிளாக்கர் என்றே கூப்பிட்டோம். அவர் மட்டை என்றதும் உதட்டைப் பிதுக்கினார். அச்சடித்த புத்தகத்தையே சந்தேகிக்கிறவர்கள் மட்டையை மதிப்பார்களா என்று கேட்டார். பிறகு ஒரு கொப்பி ஒற்றையை எடுத்து அக்கா கொண்டு வரவேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதினார். பிறப்பத்தாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு, ஆஸ்பத்திரிக் கடிதம், நாங்கள் இருவரும் ஒருதாய் பிள்ளைகள் என்று ஊர்த் தலைவரான விதானையார் கொடுத்த கடிதம், அதை உறுதிப்படுத்திய சமாதான நீதவானின் கடிதம், அம்மாவின் மரணப் பத்திரம், என் அகதி விண்ணப்பத்தின் பிரதி, நான் எழுதும் அழைப்புக் கடிதம். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் காட்டவே கூடாது என்றார். எங்களைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் எங்களில் பாதிப் பேருக்குத் திரும்பிப் போகும் டிக்கெட்டோடுதான் பயணம் ஒழுங்கு செய்திருந்தான். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. அது பழைய விளையாட்டு என்று எல்லைக்காரருக்கு எப்போதோ விளங்கிவிட்டதாம்.

நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் வந்த வழி எல்லாம் கடதாசிதான். ஒரு கடதாசி குறைந்ததால் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு கடதாசி கூடியதால் திரும்பிப் போனவன் எவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அக்கா டெலிபோனில் சிரித்தாள்.

"உனக்கென்ன விசரோ? நான் ஹொலிடேக்கு வாறன். கேஸ் குடுக்க வரேல்லை."

நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் எடுத்தேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் எடுத்தேன். கடைசியில் கெஞ்சினேன். உங்களைத் திருப்பி அனுப்பினால் நான் என்ன செய்ய, உங்களைப் பார்க்க நான் வரவும் ஏலாதே என்றேன். சரி, கொண்டு வாறன் என்றாள். என் பயத்தை அவளுக்கும் ஊட்டிவிட்டேன் என்பது அப்போது எனக்குப் பெரிய வெற்றியாக இருந்தது.

இங்கிலீஷ் கால்வாயைக் கப்பலில் கடந்து, பிரான்ஸ் வழியாக ரயிலில், காலையில் பாசலுக்கு வருவாள் என்று ஏற்பாடு. நான் பேர்ணிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துப் போய்க் காத்திருந்தேன். பாசல் நிலையத்தில் பிரான்ஸ் ரயில்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கிருந்து வருகிறவர்கள் ஒரு நீளமான நடைவழியால் நடந்து வந்து, சுவிஸ் எல்லைக்காரரின் மேசையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவேண்டும். மேசைக்கு முன்னால் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளியே நின்றேன். வழுக்கி விழுந்தாலும் சுவிசுக்குள்ளேயே விழ வேண்டும் என்று.

முதலில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அதே மட்டை. எல்லைக்காரன் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, தலையை ஆட்டினான், அவர்கள் கதைத்தபடியே கடந்து போனார்கள். எனக்குப் பொறாமையா, நிம்மதியா, பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கிளாக்கர் பிழையாகச் சொல்லியிருப்பாரோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. வெள்ளைத் தோலுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு வேறு சட்டம் என்று உடனே பதிலும் தோன்றியது.

அவர்களுக்குப் பின்னால் அக்கா வந்தாள். கோட்டும் காற்சட்டையும் போட்டிருந்தாள், உடம்பு வைத்திருந்தது. நடை மட்டும் அம்மாவின் நடை. அவள் என்னைக் கண்டு கையைத் தூக்கினாள். பிறகு நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, அவன் எதுவும் கேட்கும் முன்னரே கைப்பையைத் திறந்து அந்தக் கடதாசிகள் எல்லாம் அடங்கிய தடித்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தாள். மட்டையை அதற்கு மேல் வைத்தாள்.

அவன் மட்டையைப் பார்த்தான், சரி. கோப்பைத் திறந்தான். ஒரு பக்கம் புரட்டினான், இன்னொரு பக்கம் புரட்டினான். விதானையாரின் கடிதத்தில் இருந்த ஊதா முத்திரையைக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்த பார்வையில் நான் என் பிழையைக் கண்டேன். ஐந்து நாள் ஊர் சுற்ற வருகிற எந்தப் பிரித்தானியப் பெண்ணும் தன் தாயின் மரணப் பத்திரத்தோடு வருவதில்லை. அப்படியொரு கோப்போடு வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இன்னொருவன் வந்தான். அக்காவை மேசைக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவில் கண்ணாடி இருந்தது. அவள் தோளும் தலையும் எனக்குத் தெரிந்தன.

கால் மணித்தியாலம் போனது. இரண்டாமவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அவன் கையில் என் அழைப்புக் கடிதம். என் பெயரைக் கடித்துத் துப்பி வாசித்தான். நான் கையைத் தூக்கினேன். வா என்று விரலை மடக்கிக் கூப்பிட்டான்.

அந்த அறை மஞ்சள் கோட்டிலிருந்து ஐந்து காலடி அந்தப் பக்கம். அது சுவிசா, பிரான்சா? எனக்குத் தெரியவில்லை. டிராமில் நித்திரையாகி எல்லை தாண்டிப் போய் இறங்கிய ஒருவனின் கேஸை மூடிவிட்டார்கள் என்று பேர்ணில் எங்கள் அறையில் கதைத்திருக்கிறோம். அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. இவன் என்னை உதவிக்குக் கூப்பிடுகிறானா, பொறியில் விழுத்தக் கூப்பிடுகிறானா? போனால் அக்காவை விடுவார்களா, இல்லை என்னையும் பிடிப்பார்களா? கேட்கலாம் என்றால் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் சட்டி, தட்டு, கெதியாய், இன்னொருக்கால் கழுவு என்பதுதான். நான் நிலத்தில் இருந்த கோட்டைக் காட்டினேன், என் நெஞ்சைக் காட்டினேன், இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் இரண்டாம் முறையும் கூப்பிட்டான். நான் அசையவில்லை.

கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. வெளியே வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. உள்ளே நடந்ததைப் பேர்ண் ரயிலில் சுருக்கமாகச் சொன்னாள். அகதி அந்தஸ்து கேட்கிறீர்களா என்று கேட்டார்களாம். நான் ஒரு நேர்ஸ், விடுமுறையில் வந்திருக்கிறேன் என்றாளாம். அப்படியென்றால் இந்தக் கடதாசிகள் ஏன் என்றார்களாம். தம்பி கொண்டு வரச் சொன்னார் என்றாளாம். கூப்பிட்டும் தம்பி ஏன் வரவில்லை என்றும் கேட்டார்களாம். கடைசியில் திரும்பிப் போகும் டிக்கெட் உண்டா என்று கேட்டார்களாம். பெட்டியின் அடியில், உடுப்புகளுக்குக் கீழே அவள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாளாம். இதை முதலிலேயே காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் போயிருக்கலாமே என்று அவர்களில் ஒருவன் தன்மையாகத்தான் சொன்னானாம்.

நான் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஜன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

ஐந்து நாளும் மழை. அக்கா எங்கள் ஒற்றை அடுப்பில் சொதியும் பருப்பும் வைத்தாள், கிளாக்கர் வெட்கமில்லாமல் மூன்றாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அவள் உள்ளே வந்தது தான் எழுதிக் கொடுத்த கோப்பினால்தான் என்று அவர் கடைசிவரை நம்பினார். மூன்றாம் நாள் பின்னேரம், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, இருவரும் அம்மாவுக்காக அழுதோம். நன்றாக, சத்தமாக அழுதோம். கிளாக்கர் காலில் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும் நாளில் அக்காவின் கையில் மட்டையும் டிக்கெட்டும் மட்டும் இருந்தன. கோப்பை என் கட்டிலில் விட்டுவிட்டாள். பாசலில் அதே மேசை. அவள் என் தலையைத் தடவிவிட்டுக் கோட்டைத் தாண்டினாள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நடைவழியின் வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேசையில் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டவன் இருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். ஐந்து நாளாக நெஞ்சுக்குள் இருந்ததை, குசினி ஜெர்மனிலும் கையாலும் கேட்டேன். எல்லை எங்கே? அவன் சிரித்துவிட்டு, ஒரு கடதாசியில் படம் கீறி மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினான். தூரத்தில், தண்டவாளங்களுக்கும் அப்பால் கையைக் காட்டினான். இந்த நிலையம் முழுவதும் நிற்பது சுவிஸ் மண்ணில்தானாம். அப்படியென்றால் அக்கா போன பக்கம்? மண் எங்களுடையது, ஆனால் அங்கே நடப்பது பிரான்ஸ் சட்டம் என்றான். நான் முழித்தேன். அவன் இன்னொருமுறை சொன்னான், எனக்கு இன்னும் குழம்பியது. கடைசியில் அந்த அறையைக் காட்டினேன்.

அது எங்கள் அறை, மண்ணும் எங்களுடையது, சட்டமும் எங்களுடையது என்றான். நீ வந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை டெலிபோன் பெட்டிக்குள் நின்று அக்காவுக்கு இதைச் சொன்னேன். மண் என்றேன், சட்டம் என்றேன், மஞ்சள் கோடு என்றேன். அறை எந்தப் பக்கம் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது என்று இரண்டு தரம் சொன்னேன். காசு விழுந்துகொண்டே இருந்தது. அவள் முழுவதையும் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அறை எந்தப் பக்கம் எண்டு உனக்குத் தெரியேல்லை, சரி," என்றாள். "நான் அதுக்குள்ள இருக்கிறன் எண்டு தெரியும்தானே."