ஐந்து பாக வளைவு

ரோச் சங்கு குளித்தே ஒரு காது அவிந்து போனவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். கயிற்றைக் கைவிரித்துப் பாகக் கணக்கில் அளப்பது அந்தக் குடும்பத்துக்கு மூச்சு விடுவது மாதிரி. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. அந்தப் பழக்கத்தை மாதா கோயிலுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவன் கோயில் கமிட்டித் தலைவன் விஜயராஜ். ரோச்சின் தாய்மாமன் பேரன். துறைமுகத்தில் நாலு லாரி ஓடுகிறது.

பக்கத்து ஊரார் தங்கள் கோயில் வாசலில் பெரிய வளைவு கட்டியதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, பஸ்ல போறவன் அவனுவ வளைவப் பாத்துக் கும்புடுதான். நம்ம ஊரு வந்தா செல்போனப் பாக்கான். அது எத்தன அடின்னு தெரியணும்."

அந்த ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் ரோச் போனார். வளைவின் உச்சியிலிருந்து தரைவரை தொங்கிய சீரியல் பல்பு ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எடுத்து அளந்தார். ஐந்து தடவை கைவிரித்தார். யாரோ வெளியூர்க்காரர் கைவிரித்துச் செபம் பண்ணுகிறார் என்று ஒரு கிழவியும் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

ஐந்து பாகம் முப்பது அடி. விஜயராஜ் முப்பத்தாறு கட்டினான். மேலே சிமெண்டில் ஒரு தோணி, தோணிமேல் சிப்பி, சிப்பிக்குள் பூசணிக்காய் பெரிசில் முத்து. அப்பனும் மகனுமாகக் கடலடியில் கிடந்தும் அப்படியொரு முத்தை ரோச் வீடு கண்டதில்லை. பிஷப் ஆயரே வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

ரோச்சுக்கும் பெருமைதான். ஆனால் அந்த வருஷம் சொந்த ஊர்த் திருவிழாவில் அவருக்கு வேண்டியது வேறொன்று. தாயில்லாத அவரை வளர்த்த அக்காள் சவேரியம்மாள் இரண்டு வருஷமாகப் படுக்கை. மாதா சப்பரம் தெருவுக்கு வந்து அவள் வாசலில் நிற்கும். அதுதான் அவளுக்குக் கோயில். அடுத்த திருவிழாவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திருவிழாவன்று மாலை சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பி, வளைவுக்கு வந்து நின்றது. உயரத்தையெல்லாம் மேலே அடுக்கிவிட்டு வழிக்கு விட்டிருந்தது பதினாலு அடி. சப்பரம் பதினெட்டு. பக்கத்து ஊர் வளைவை அளந்தவர்கள் சொந்தச் சப்பரத்தை அளக்கவில்லை. நம்ம மாதாவை யார் அளப்பார்கள்?

"சப்பரத்து உச்சியக் கழத்துங்கல," என்றான் விஜயராஜ்.

"அது நூறு வருசத்துச் சாமான், கழறாது. ஒன் முத்த ஒடையேன்," என்றார்கள் சப்பரம் தூக்கியவர்கள்.

"ஆயர் மந்திரிச்சத ஒடைக்கவா?"

பேண்டுக்காரர்கள் ஒரே பாட்டை மூன்றாம் தடவை வாசித்தார்கள். வளைவுக்கு அப்பால் தெருவில், வீட்டு வாசலில் அக்காளைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தியிருந்தது ரோச்சுக்குத் தெரிந்தது. அவள் கையில் மெழுகுதிரி பாதி கரைந்திருந்தது. சட்டென்று சப்பரத்தில் ஏறினார். பல்பு, ஜிகினா, காகிதப் பூ எல்லாவற்றையும் விலக்கி மாதாவைக் கையில் எடுத்தார். மாதா இரண்டரை அடி. மிச்சம் பதினைந்தரை அடியும் ஊர் போட்டது.

"மாமா, சப்பரம் இல்லாமப் போனா பக்கத்து ஊர்க்காரன் என்ன சொல்லுவான்?"

"வந்து அளக்கச் சொல்லு," என்று ரோச் வளைவுக்குள் நுழைந்தார். சனம் பின்னால் வந்தது.

"ஏலே, இதாரு?" என்றாள் சவேரியம்மாள்.

"மாதா, அக்கா."

"இம்புட்டுக் கிட்ட வந்ததே இல்லியே." அவள் மாதாவின் முகத்தைத் தடவினாள். "மூக்குல பெயிண்டு உதிந்து கெடக்கு. ஒருத்தனுமா பாக்கல?"

பத்தாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள். பெட்டி வளைவுக்கடியில் தாராளமாகப் போனது.

அடுத்த வாரம் விஜயராஜ் கோயிலுக்குள் ரோச்சைத் தேடி வந்தான். "மாமா, மாதா எறங்கி வந்து நின்ன வாசல்ல சிலுவ வச்சு ஒரு குருசடி கட்டணும். பக்கத்து ஊர்க் குருசடி எத்தன பாகம்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

ரோச் திரும்பவில்லை. "கை வேலையா இருக்குல்லா," என்று, மாதாவின் மூக்கில் சின்னத் தூரிகையால் பெயிண்டைத் தொட்டு வைத்தார்.