கொடியில் காய்ந்த சேலைகள்

மாமனார் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள், அவர் இறந்த பிறகு அன்னவாசல் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காக நின்றது. எஞ்சின் இறுகி, கிக்கர் அசையவே இல்லை. வீடியோ பார்த்த தைரியத்தில் நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலையும் ஆயிலையும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசலுக்குத் தள்ளிவந்து, கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டியபோது பிஸ்டன் நகர்ந்தது.

"ஓட்டைய துணியால மூடிக்கங்க, ஆயில் தெறிக்கப் போகுது" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் கிக்கரை ஓங்கி மிதித்தேன். எஞ்சின் சுற்றியது. உள்ளே கிடந்த கறுத்த ஆயில் பீய்ச்சியடித்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமியாரின் சேலைகளை நனைத்தது.

"இங்க யாரு துணி காயப்போடச் சொன்னது?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் ஓடிவந்தார். "என் தப்புதாங்க மாப்பிள்ளை. அங்கிட்டு கொல்லையில போட்டிருக்கணும். வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அது அவர் வீடு. அவர் கணவரின் வண்டி. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக்கைத் திரும்ப மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, மாலையில் மிதித்தேன். வண்டி புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. யாரும் வெளியே வரவில்லை. கொல்லைப்பக்கம் போனேன். மாமியார் சேலைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க அத்தை, நான் துவைக்கிறேன்."

"வேணாங்க, ஒங்க கையெல்லாம் ஆயிலு" என்றார், நிமிராமலே.