பெரிய புத்தகமும் சின்னப் புத்தகமும்

பெரிய ஆட்களுக்குச் சட்டம் படிப்பிக்கிற வேலையில் ஒன்றும் தெரியாத மாணவரைச் சமாளித்துவிடலாம். எல்லாவற்றையும் மனப்பாடமாக்கிக்கொண்டு வருகிற மாணவரைத்தான் சமாளிக்க முடியாது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

ஐந்தாம் வகுப்புவரை யாழ்ப்பாணத்தில் தமிழில், மிச்சம் முழுக்கச் சிசிலித் தீவின் பலெர்மோவில் இத்தாலியனில் என்று படித்தவள் நான். பிறகு இருபது வருடம் மிலானில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் பலெர்மோவுக்கே திரும்பினேன். திரும்பி வந்தவளுக்கு ஊர் கொடுத்த வேலை இது. முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கிறவர்களுக்குச் சிசிலிப் பிராந்திய அரசு ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. அதற்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு. அதில் ஒரு பாடம் சட்டம்: இத்தாலி முழுவதற்குமான அரசியலமைப்பையும், சிசிலிக்கென்று தனியாக இருக்கிற அமைப்புச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசத் தெரிய வேண்டும். எங்கள் வகுப்பில் முன்னதற்குப் பெயர் பெரிய புத்தகம், நூற்று முப்பத்தொன்பது பிரிவு. பின்னது சின்னப் புத்தகம், நாற்பத்து மூன்று. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம்தான் ஓய்வு என்பதால் வகுப்பும் அப்போதுதான், போர்கோ வெக்கியோவில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில். வெளியே சந்தையில் மீன்காரர் கூவி ஓயும்வரை ஒரு பிரிவைக்கூட வாசிக்க முடியாது.

அக்காவும் தம்பியும்

முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: இரண்டில் எது முதலில் பிறந்தது? எல்லோரும் ஒரே குரலில் பெரிய புத்தகம் என்றார்கள். இல்லை, சின்னதுதான் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூத்தது, பெரியது பிறகு வந்து சின்னதையும் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஏதோ நான் மிலானில் இருந்து பிழையாகப் படித்துக்கொண்டு வந்தவள் மாதிரிப் பார்த்தார்கள்.

தர்மண்ணை மட்டும் தலையாட்டினார். பலெர்மோ ஓரத்துச் சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருபது வருடம் வேலை செய்து முதுகு போனபின், பராமரிப்பு வேலைக்கு மாறலாம் என்று வந்தவர். நாலு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. அவர் சொன்னார்: "இதிலை என்ன அதிசயம் ரீச்சர்? மூத்தது அக்காதான், ஆனா வீட்டைப் பூட்டுற திறப்பு தம்பியிட்டை. எங்கடை வீட்டிலையும் இதே சட்டந்தான்."

சிவப்பு இல்லாத நாள்

யோகம் கிளிநொச்சிப் பக்கம். போர் முடிந்து சில வருடங்களில் வந்தவள், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். லிபெர்த்தா வீதியில் எண்பத்தாறு வயது இத்தாலிய அம்மா ஒருவரை, அவள் வாயில் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறாள். கிழமையில் ஏழு இரவும் அந்த வீட்டில்தான் படுக்கை. பதின்மூன்று வயது மகள் தன் சித்தி வீட்டில் வளர்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் யோகத்துக்குச் சொல்லியிருந்தார்கள்: சான்றிதழ் கொண்டுவா, பகல் வேலை தருகிறோம். பகல் வேலை என்றால் இரவில் மகளோடு. வகுப்பில் மற்றவர்களுக்கு இது ஒரு பாடம். யோகத்துக்கு அது வீட்டுக்குப் போகிற வழி.

மே மாதம் ஒரு நாள் மகள் போன் எடுத்து, நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, சிசிலிக்கு ஏதோ விசேசம் என்றிருக்கிறாள். யோகம் சிஞ்ஞோராவின் குசினியில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். அந்த நாள் சிவப்பில் இல்லை. பேச்சு நடந்தது, அழுகை நடந்தது, காலையில் சித்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடப் படலை பூட்டு. அன்று பின்னேரம் வகுப்பில்தான் சொன்னேன், அது சின்னப் புத்தகத்தின் பிறந்தநாள், சிசிலிப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் விடுமுறை, நாட்டுக் கலண்டரில் சிவப்பு வராது என்று. யோகம் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "பொய்க்காரி எண்டெல்லோ பேசிப்போட்டன் ரீச்சர். பாவம், அவள் சின்னப் புத்தகத்தின்ரை ஆள், நான் பெரிய புத்தகத்தின்ரை கலண்டரைப் பார்த்திருக்கிறன்."

கசப்புத் தோடை

சின்னப் புத்தகம் பெரிய புத்தகத்துக்கு மாறாகப் போகலாமா என்பதை விளங்கப்படுத்த, கரும்பலகையில் படிக்கட்டு கீறினேன். பிரமிட் கீறினேன். குடை கீறினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் தர்மண்ணை தன் பையில் இருந்து மண்டரின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"சியாகுல்லியிலை ஒரு மண்டரின் மரமும் தன்ரை காலிலை நிக்கேல்லை" என்றார். "அடியிலை கசப்புத் தோடை. அதுக்கு மேலைதான் மண்டரினை ஒட்டுறது. அடி பெரிய புத்தகம், ஒட்டு சின்னப் புத்தகம். பழம் ஒட்டின்ரை, வேர் அடியின்ரை." வகுப்பு அசந்துவிட்டது. நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். யோகம் விடவில்லை. அடிமரம் தானே தளிர்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். வெட்டத்தான் வேணும், விட்டால் மரம் முழுக்கக் கசப்பு என்றார் தர்மண்ணை.

"அப்ப பெரிய புத்தகத்தை வெட்டச் சொல்லுறியளோ அண்ணை?"

தர்மண்ணை மண்டரினை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் பழம் பிடுங்கிற ஆள் பிள்ளை, என்னைக் கட்சிக்குள்ளை இழுக்காதை."

குளியலறையில் ஒரு வாசிப்பு

யோகம் படித்தது எங்கள் ஊர் முறையில்: கண்ணை மூடு, ஒப்புவி, ஒரு சொல் தவறினால் முதலில் இருந்து தொடங்கு. அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சிஞ்ஞோராவைக் குளிக்க வார்க்கிற நேரந்தான் அவளுக்குப் பாட நேரம். ஒரு கையில் சவர்க்காரம், வாயில் பதினாலாம் பிரிவு. சின்னப் புத்தகத்தில் அது பெரிய பிரிவு: விவசாயம், வீதி, மீன்பிடி என்று பிராந்தியம் தானாகச் சட்டம் செய்யக்கூடியதெல்லாம் வரிசையாக வரும்.

சிஞ்ஞோரா அந்தக் காலத்தில் பிராந்திய அரசின் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்ணில் சவர்க்கார நுரையோடு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாராம். கடைசியில் அவர் சொன்னதை யோகம் எங்களுக்குத் தமிழில் அப்படியே சொல்லிக் காட்டினாள்: "முப்பது வருசம் நான் இந்தச் சட்டத்தாலைதான் சம்பளம் எடுத்தனான் யோகா, ஆனா இண்டைக்குத்தான் முதல்முதல் கேக்கிறன்."

எந்தப் பொலிஸ்

சின்னப் புத்தகத்தின் முப்பத்தோராம் பிரிவை நான் சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் எடுத்தேன். சிசிலியில் பொது அமைதியைப் பிராந்தியத் தலைவர் பார்த்துக்கொள்வார், பொலிஸ் அவர் சொல்லுக் கேட்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் நடப்பில் பொலிஸ் ரோமில் இருக்கிற அரசின் சொல்லைத்தான் கேட்கிறது. எழுத்து ஒன்று, நடப்பு ஒன்று, சிரியுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

யோகம் கொப்பியை மூடினாள். மெதுவாகத்தான் கதைத்தாள். "ரீச்சர், நாங்கள் இருந்த இடத்திலை ரெண்டு சட்டம் இருந்தது. அங்கால் பக்கம் ஒரு பொலிஸ், இங்கால் பக்கம் ஒரு பொலிஸ். அவையின்ரை பாஸை இவை ஏற்கமாட்டினம், இவையின்ரை அனுமதித் துண்டை அவை ஏற்கமாட்டினம். மணிக்கூடுகூட ரெண்டு. சோதனைச் சாவடி தாண்டினா அரை மணித்தியாலம் மாறும். இஞ்சை ஒரு சட்டம் எண்டுதான் நான் நினைச்சு இருந்தனான்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா, நானும் பிள்ளையும் எந்தப் பக்கம் நிக்கிறது?"

தோற்றவர்கள்

அடுத்த வியாழன் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், ஆனால் கொப்பியைத் திறக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்காக நான் ஒரு தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். பிராந்தியம் செய்த சட்டம் ஒன்று பெரிய புத்தகத்துக்கு மாறானது என்று ரோம் அரசு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. இப்படிப்பட்ட வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கும். மிகச் சலிப்பான தாள்கள், நடுவில் நித்திரை வரும். ஒரு வழக்கறிஞர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். முடிவில் அந்தச் சட்டத்தின் இரண்டு பிரிவு விழுந்தது, மிச்சம் நின்றது.

யோகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு பக்கம் குறைகிறது என்று தேடுகிற மாதிரி.

"தோத்தவையைப் பிறகு என்ன செய்தவை?"

"ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள்."

"பிடிச்சு உள்ளை போடேல்லையோ?"

"இல்லை."

"சுடேல்லையோ?"

"இல்லை யோகம்."

மீன்காரர் வெளியே கடைசிப் பெட்டிக்கு விலை கூவினார். தர்மண்ணை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். யோகம் கொப்பியைத் திறந்து, பேனாவைத் தட்டிப் பார்த்தாள். "அப்ப இது நல்ல சண்டை ரீச்சர், எனக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ."

பரீட்சை மேசை

வாய்மொழிப் பரீட்சையை யாரும் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். சட்டப் பாடத்துக்கு நரைத்த தலைமுடியோடு ஒரு பெண்மணி. இரண்டு புத்தகத்தையும் ஒப்பிடுங்கள் என்றார். யோகம் கண்ணை மூடினாள். நினைத்தபடியே பதினாலாம் பிரிவு புறப்பட்டது: விவசாயம், காடு, வீதி, மீன்பிடி. பெண்மணி கையை உயர்த்தி நிறுத்தினார். புத்தகம் எனக்கும் தெரியும், நீங்கள் சொல்லுங்கள் என்றார். ஒரு சொல் தவறினால் முதலில் இருந்து தொடங்கிப் பழகியவள். முதல் எது என்றே தெரியாமல் நின்றாள். மகளின் இரவுகள் எல்லாம் அந்த மேசையில் கிடந்தன.

பிறகு யோகம் கண்ணைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த வீட்டுவேலை இத்தாலியனில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்றில் மற்றதின் பெயர் இல்லை. இங்கே பெரிய புத்தகத்தில் சிசிலியின் பெயர் எழுதியிருக்கிறது, சின்னப் புத்தகத்தில் இத்தாலியின் பெயர் எழுதியிருக்கிறது. அவை சண்டை பிடிக்கும். தாளில் பிடிக்கும். தோற்றவர் வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதுவார். சண்டை நடக்கிறபோது நான் எந்தப் பக்கம் நிற்பது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் சிஞ்ஞோராவுக்குச் சூப் வைக்கலாம்.

நரைத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார், தாளில் என்னவோ எழுதினார், கதவடியில் நின்றவரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்தவரை வரச் சொல்லுங்கள், இல்லை, கொஞ்சம் பொறுங்கள், நான் தண்ணீர் குடிக்க வேண்டும்."

வியாழன் இல்லாதவள்

அடுத்தவர் தர்மண்ணைதான். ஒட்டுக் கன்றைப் பற்றி அவர் அவ்வளவு விரிவாகச் சொன்னதில் நேரம் முடிந்துவிட்டது. நோயாளரைக் கட்டிலில் திருப்புவது பற்றிய கேள்விக்கு இடமே வரவில்லை. திரும்பப் பரீட்சைக்கு வர வேண்டும். அவருக்குக் கவலை இல்லை. பரீட்சையில் இருந்த ஒருவர் மண்டரின் எங்கே வாங்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம். சிஞ்ஞோராவைப் பார்க்க இப்போது யோகத்துக்குப் பதில் தர்மண்ணையின் மனைவி போகிறார். குளியலறையில் சட்டம் இல்லை, பக்திப்பாட்டுத்தான் என்று சிஞ்ஞோராவுக்குச் சின்னக் குறை.

யோகத்துக்குச் சான்றிதழும் பகல் வேலையும் கிடைத்தன. வியாழன் பின்னேரம் ஓய்வு என்கிற கதை அவளுக்கு இனி இல்லை. ஆனாலும் சென்ற கிழமை வேலை முடிந்து வரும் வழியில் வகுப்பின் கதவில் எட்டிப் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னேன். நேரமில்லை, பிள்ளை பார்த்துக்கொண்டு இருப்பாள் என்றாள். எப்படி இருக்கிறது வீட்டில் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "மகள் முறைப்பாடு ரீச்சர், நான் குறட்டை விடுறனாம், இவ்வளவு வருசமும் தனக்குத் தெரியாமல் போச்சாம்."

இரண்டு புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் படிப்பிக்கிற எனக்கு, அந்தக் குறட்டைக்குக் காவல் நிற்கிற பிரிவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.