ஆமைக்காக வலையை அறுத்தவன்

ஊரில் அவனை ஊமையன் என்பார்கள். வாய் இருந்தும் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான், அவ்வளவுதான். கடல் ஆமைச் சரணாலய வாசலிலிருந்து உள்ளே மணல் பாதையில் இரண்டு மணி நேரம் போனால் கடலோரமாக முப்பது வீடுகள். கடைசி வீடு அவனுடையது. சொந்தப் படகு, அவனுக்கும் சேர்த்துப் பேசும் மனைவி, அவளுக்கு ஒரு தம்பி. மைத்துனனுக்குச் சரணாலயத்தில் காவலாள் வேலை. நாயாய் அலைந்து அதை வாங்கிக் கொடுத்ததும் ஊமையன்தான்.

அன்று காலை வலையில் ஒரு பெரிய ஆமை சிக்கியது. கழுத்தில் நூல் இறுகிக் கண் பிதுங்கியிருந்தது. கரையில் மல்லாத்திப் போட்டு, கழுத்தோரம் கத்தியை நுழைத்து, கண்ணி கண்ணியாக அறுத்தான். புது வலை பாதி பாழ். கரையில் நின்ற மைத்துனன், "உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வேலை?" என்று சிரித்தான். ஆமை நீருக்குள் இறங்கிய பிறகே ஊமையனுக்கு மூச்சு வந்தது.

ஊர் பார்க்க வந்த ஒரு பெண் அவன் அறுப்பதைப் படம் எடுத்தாள். நல்ல காரியத்தைத்தானே எடுக்கிறாள் என்று அவனும் பல்லைக் காட்டினான்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. வனத்துறை அதிகாரி செல்போனை நீட்டினார். மல்லாந்த ஆமை, கழுத்தில் கத்தி, இளிக்கும் முகம்.

"இதுக்கு என்ன சொல்ற?"

"அறுத்து விட்டேன் சார்."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். அறுத்துட்டே."

ஜீப்பில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊமையன் மைத்துனனைக் கைகாட்டினான். "இவன் பக்கத்துலதான் நின்னான் சார். கேளுங்க."

மைத்துனன் தரையைப் பார்த்தான். "நான் ரோந்துல இருந்தேன் சார். எதையும் பாக்கல."

ஊரும் வாய் திறக்கவில்லை. அங்கே பதினான்கு படகுக்குத்தான் அனுமதி. பட்டியலில் ஒரு பெயர் விழுந்தால்தான் இன்னொரு பெயர் ஏறும். ஆளாளுக்கு ஒரு கணக்கு.

எட்டு மாதம் உள்ளே இருந்தான். அவன் கையில் விலங்கோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் கூட்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பதினான்காவது பெயர் மைத்துனனின் மாமனாருடையது. அந்தப் படகு மீனை ஊமையனின் மனைவி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் கொன்னேன்னு நீயும் நம்புறியா?"

"நம்பி என்ன ஆகப்போகுது? வயித்துக்கு யாரு போடுவா? நீ இங்க இருந்தா தம்பி வேலைக்கே உலை வச்சிடுவே."

தண்டனை பெற்றவன் சரணாலயத்துக்குள் தங்கக்கூடாது என்பது சட்டம். இப்போது நகரத்து மீன் சந்தையில் ஐஸ் பெட்டி சுமக்கிறான். மாதம் ஒருமுறை சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்று பார்வையாளர் சீட்டு வாங்கி, தன் வீட்டுக்குப் போகிறான். மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பாள். சில மாதம் அதுவும் இல்லை, கதவு சாத்தியிருக்கும்.

ஐந்து மணிக்கு மைத்துனன் விசில் ஊதிக்கொண்டு வருவான்.

"நேரமாச்சு மாமா, கெளம்புங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

ஊமையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுலாக்காரர்களின் வண்டியில் பின்பக்கம் ஏறிக்கொள்வான்.