சேகர் அண்ணனும் காவல்காரன் கருப்பையாவும்

சேகர் அண்ணன் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம். எனக்குத் தெரிந்தது இன்று மதியம்தான். அதுவும் எங்களோடு விளையாடும் நித்யாவின் மாமா, அண்ணன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலேயே இருப்பதால்.

அண்ணன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் இங்கே போடும் கேம் போட்டோக்களில் ஓரமாக, டீ கிளாஸோடு, கேமராவைப் பார்க்காமல் ஒருவர் இருப்பாரே... அவர்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே கதையை விளையாடினோம். கதையை நடத்துவது நான். மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும்.

நித்யா மந்திரக்காரி. இன்னொருவன் இளவரசன், மற்றவன் வில்லாளி. அண்ணன் எடுத்தது கருப்பையா என்று ஒரு ரிட்டயர்டு காவல்காரன். பாத்திரத்துக்கு ஒரு பலவீனம் எழுதச் சொன்னேன். எல்லோரும் சாபம், பழிவாங்கல் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர் எழுதியது ஒரே வரி: முழங்கால் வலி, படி ஏற மாட்டான்.

ஒரு தடவை கோட்டை ஒன்றைப் பிடிக்க வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து அந்தச் சண்டையை எழுதியிருந்தேன்... பொறி, பாதாளச் சிறை, எல்லாம்.

அண்ணன் டீயை வைத்துவிட்டுக் கேட்டார். "தம்பி, இந்தக் காவல்காரங்களுக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும்?"

"ஆறு மணிண்ணே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அஞ்சே முக்காலுக்குப் போவோம். இவன் கிளம்புற அவசரத்துல இருப்பான், அவன் இன்னும் வந்திருக்க மாட்டான். எவனும் பார்க்க மாட்டான்."

நேராக வாசல் வழியாக உள்ளே போனார்கள். ஒரு பகடைகூட உருளவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. இன்று அதை நினைத்துச் சிரிக்கப் பார்க்கிறேன்... வரவில்லை.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் ரூல் அவர் போட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டூட்டி வரும். "வர முடியலைங்கிறதுக்காக என் ஆளைக் கொன்னுடாதீங்க தம்பி. பின்னாடி வண்டியில படுத்துத் தூங்கட்டும்." அன்றிலிருந்து யார் வரவில்லையோ, அவருடைய பாத்திரம் மாட்டுவண்டியில் தூங்கும். அந்த வண்டிக்கு ஒரு ஆபத்தும் வராது. ஆறு வருடம் அதை யாரும் மீறவில்லை.

போன வருடம் அண்ணன் வருவது நின்றது. கேட்டால் "கொஞ்சம் வேலை தம்பி" என்று ஒரு மெசேஜ். இரண்டு மாதம், மூன்று மாதம்... சலித்துவிட்டது போல, அதை முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று எனக்குள் கோபம். குரூப்பில் சாடையாக ஒன்றிரண்டு எழுதினேன். பார்த்தார். பதில் போடவில்லை.

அதற்குள் இளவரசனுக்கு புனேயில் வேலை கிடைத்துவிட்டது. கதையை முடித்தே ஆக வேண்டும்.

கடைசி ஞாயிறு. எதிரிகளை வண்டிப் பக்கம் திருப்பிவிட்டேன். கருப்பையாவைத் தூக்கத்திலேயே ஈட்டியால் குத்தினார்கள்.

"அண்ணன் இல்லாதப்ப இது கூடாதுல்ல?" என்றாள் நித்யா.

"அவரு இனிமே வரமாட்டாருப்பா" என்றேன்.

பிறகு போர், வெற்றி, கிரீடம். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், பிரியாணி சாப்பிட்டோம். 'ஆறு வருடக் கதை இனிதே முடிந்தது' என்று போட்டோ போட்டேன். உங்களில் நிறைய பேர் லைக் போட்டிருக்கிறீர்கள்.

அதைப் பார்த்துவிட்டு மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். "முடிச்சிட்டீங்க போல... நம்ம ஆளு என்ன ஆனான் தம்பி?"

சொன்னேன்.

"சரி, கதைக்கு வேணும்னா என்ன பண்றது... யாரு எடுத்துப் போட்டது அவனை?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. யாரும் இல்லை. அவன் உடலை வண்டியிலேயே விட்டுவிட்டு நாங்கள் அரண்மனைக்குப் போய்விட்டோம்.

"நாங்க நாலு பேரும்தாண்ணே" என்றேன்.

"அப்ப சரி தம்பி" என்றார். குரலில் நிஜமாகவே ஒரு நிம்மதி. உடம்புக்கு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று விஷயம் தெரிந்ததும் நானும் நித்யாவும் காந்தி மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு ஓடினோம். வாசல் கழுவி விட்டிருந்தது. சேர்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு மணிக்கே எடுத்துட்டாங்கப்பா" என்றார் அண்ணி. "நீங்க யாரு?"

"அண்ணன்கூட ஞாயித்துக்கிழமை விளையாடுவோம்ங்க."

"கேரமா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

"ஒரு வருஷமா டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை போய்ட்டு வந்தா மறுநாள் எந்திரிக்கவே முடியாது... ஆனாலும் ஞாயித்துக்கிழமை மதியமானா சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துருவாரு. உங்களுக்கெல்லாம் சொல்லணும்னுதான் பார்த்தேன். யாருன்னு எனக்குத் தெரியலையேப்பா."

மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போதும் கையில்தான் இருந்தது.

சேகர் அண்ணே... கருப்பையாவைக் கொன்னது கதைக்காக இல்லண்ணே. நீங்க வரலைங்கிற கோபத்துல.

எடுத்துப் போட்டோம்னு சொன்னதும் பொய்.

அன்னைக்கு உங்க ஆளை நாங்க யாரும் தூக்கல. இன்னைக்கு உங்களையும் தூக்கல.

மன்னிச்சு விடை குடுங்கண்ணே.