பூட்டின வீடெல்லாம் காலி

சுரங்கம் மூடின ஊர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் எழுதுவது என் பிழைப்பு. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கிற ஊரைத் திருத்துகிற சக பாவிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

புதன்கிழமை சர்வே

ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் அந்த ஊர். மத்தியானம் காரில் போய் இறங்கினோம். சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டின லைன் வீடுகள், வரிசையாகப் பூட்டு. "காலி, காலி"ன்னு டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போனேன். கூட வந்த மஞ்சுநாத் ஒரு வாசலில் நின்றுவிட்டான். "ட்ராஃபிக்கில் மாட்டிக்குவோம், வாடா" என்றேன். அவன் கொடியைக் காட்டி, "ஆளில்லாத வீட்டுல துணி எப்படி குரு காயுது?" என்றான்.

நகராட்சிக் கூட்டம்

காலி வீடுகளை இடித்துவிட்டுப் பூங்கா, ஏரி, படகு. திரையில் பச்சைப் பசேலென்று காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த கவுன்சிலர் அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இது எந்த ஊரு?" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், மடையன்!

செல்வி அக்கா

அந்த வரைபடத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தோம். ஐந்து வருஷமாக எனக்கு டீ கொடுக்கிற செல்வி அக்கா, ட்ரேயோடு அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இது எங்க லைன் சார். மூணாவது வீடு என்னுது. ஏன் பச்சையா இருக்கு?"

பூங்கா வரப்போகிறது, வீடு போய்விடும் என்று எப்படிச் சொல்வது? "பூட்டியிருந்துச்சுக்கா" என்று முனகினேன். ஊரே விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பகல்ல எப்படி சார் திறந்திருக்கும்? நாங்கதான் இங்க உங்களுக்கு டீ போட்டுக்கிட்டு இருக்கோமே."

ஞாயிற்றுக்கிழமை

தவறு என்னுடையது என்று நகராட்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். ஒரு வீட்டிலும் பூட்டு இல்லை. டேப்லெட் வரைபடத்தில் வீடு வீடாகப் பச்சையை அழித்தேன். மூன்றாவது வீட்டில் செல்வி அக்கா டீயை நீட்டினார். தலை நிமிரவில்லை எனக்கு.

"குடிச்சிட்டு எழுதுங்க சார், ஆள் இருக்குன்னு."

தினமும் டீ கொடுக்கிறவர் எந்த ஊர் என்று ஐந்து வருஷமாகக் கேட்காதவனிடம்தான், ஐயா, ஓர் ஊருக்கே மறுவாழ்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.